பாறை வெடித்தால் வீடு ஏன் நடுங்குகிறது?

கொரட்டூரில் மலையும் இல்லை, கல்குவாரியும் இல்லை. ஏரியும் அதைச் சுற்றிய களிமண் பாங்கான நிலமும் கொண்ட ஊர் அது. ஆயினும் அங்குள்ள வீடுகளின் அஸ்திவாரக் கருங்கல்லும் கான்கிரீட் ஜல்லியும் எங்கோ ஒரு பாறையை உடைத்துத்தான் வந்திருக்க வேண்டும். சென்னைக்கு அந்த 'எங்கோ' நெடுங்காலம் பல்லாவரம், திரிசூலம், பம்மல் பகுதிகளாகவும், மேற்கே மாங்காட்டை அடுத்த சிக்கராயபுரமாகவும் இருந்தது. சிக்கராயபுரத்தில் குவாரி வேலை நின்றபின் எஞ்சிய பள்ளங்களில் தேங்கிய நீரை, 2017-ஆம் ஆண்டு வறட்சியின்போது சுத்திகரித்துச் சென்னைக்குக் குடிநீராக வழங்கினார்கள். எவ்வளவு கல் வெட்டியெடுக்கப்பட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

பல்லாவரம் பகுதியின் இப்பாறைக்குச் 'சார்னோக்கைட்' என்று பெயர். கல்கத்தாவில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறைக் கல் இவ்வகைப் பாறையாக இருந்ததால், ஹாலந்து என்ற புவியியல் அறிஞர் இப்பெயரை இட்டார். மிகக் கடினமான பாறை. ஆகவே துளையிட்டு, வெடிமருந்து வைத்துத் தகர்ப்பதே வழக்கம்.

வெடியின் ஆற்றல் முழுவதும் பாறையை உடைப்பதில் செலவாவதில்லை. ஒரு பகுதி நில அதிர்வாகவும் இன்னொரு பகுதி காற்றழுத்த அலையாகவும் வெளியேறுகிறது. நில அலை கடினப் பாறையில் விநாடிக்குச் சில கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. காற்றிலோ விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர்தான். எனவே 500 மீட்டர் தொலைவில் உள்ள வீட்டில் முதலில் தரை அதிரும். ஏறக்குறைய ஒன்றரை விநாடி கழித்து ஜன்னல் கண்ணாடி கடகடக்கும். இவ்விரண்டையும் ஒன்றாக எண்ணிவிடுகிறோம். பல சமயங்களில் நம்மைத் திடுக்கிட வைப்பது இரண்டாவதுதான்.

வீட்டுக்குத் தீங்கு செய்யுமா என்பதை அறிய அலை ஓடும் வேகம் உதவாது. ஏரியில் அலை கரையை நோக்கி ஓடுகிறது. அதன்மேல் மிதக்கும் இலை இருந்த இடத்திலேயே ஏறி இறங்குகிறது அல்லவா? அந்த இலையைப் போல நிலத்தின் ஒவ்வொரு துகளும் ஆடுகிறது. அந்த ஆட்டத்தின் உச்ச வேகமே கணக்கு. அது விநாடிக்கு இத்தனை மில்லிமீட்டர் என்று அளக்கப்படும்.

சுரங்கப் பாதுகாப்புத் தலைமை இயக்ககம் 1997-இல் சாதாரண வீடுகளுக்கு வகுத்த வரம்பு இது: அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் குறைந்தால் 5 மில்லிமீட்டர், 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15. மெதுவான அதிர்வுக்கு ஏன் இவ்வளவு கண்டிப்பு? விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகம் 40 ஹெர்ட்ஸில் நிலத்தை 0.04 மில்லிமீட்டர்தான் நகர்த்தும். அதே வேகம் 5 ஹெர்ட்ஸில் 0.3 மில்லிமீட்டருக்கு மேல் நகர்த்திவிடும். அதோடு, ஓரிரு மாடி வீடுகளின் இயல்பான அதிர்வெண்ணும் 4 முதல் 12 ஹெர்ட்ஸ் அளவில் இருப்பதால் வீடும் சேர்ந்து ஊஞ்சலாடும். தடித்த மண் படிவத்தின் மேல் உள்ள வீடுகளுக்கு வந்து சேர்வது பெரும்பாலும் இத்தகைய மெதுவான அலையே.

மனித உடலோ ஒரு மில்லிமீட்டர் வேகத்தையே தெளிவாக உணர்ந்துவிடும். 'பயப்படுகிறார்கள், அவ்வளவுதான்' என்று குவாரிக்காரர் சொல்வதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் வரம்பு மீறவில்லை என்று காட்டவேண்டியது அளவுக்கருவியே தவிர, அவர் வாய்ச்சொல் அன்று.

குறைப்பதற்கு வழியும் இருக்கிறது. எல்லாத் துளைகளையும் ஒரே நொடியில் வெடிக்காமல், மில்லிவிநாடிக் கணக்கில் தாமதம் வைத்து ஒவ்வொன்றாக வெடித்தால் அதிர்வு பெரிதும் குறையும். மொத்த மருந்தைவிட ஒரே வேளையில் வெடிக்கும் மருந்தின் எடைதான் முக்கியம். தூரம் பாதியானால் அந்த எடை கால் பங்காக வேண்டும்: 400 மீட்டரில் 40 கிலோ என்றால் 200 மீட்டரில் 10 கிலோ. தமிழ்நாடு சிறுகனிம விதிகள் (1959) குடியிருப்பிலிருந்து 300 மீட்டருக்குள் கல்குவாரி கூடாது என்கின்றன. இது குறைந்தபட்சத் தூரம். 300 மீட்டருக்கு அப்பால் எவ்வளவு மருந்தும் வைக்கலாம் என்று பொருளல்ல.

இனி விரிசலுக்கு வருவோம். குவாரியே இல்லாத கொரட்டூரிலும் சுவர்கள் வெடிக்கின்றன. களிமண் மழையில் உப்பும், கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் சீரின்றி இறங்கும். வெயிலும் சுவரை விரியச் செய்யும். ஆகவே விரிசல் ஒன்றை மட்டும் காட்டிக் குற்றம் சாட்டுவது வழக்கில் நிற்காது. குவாரி தொடங்குமுன்பே வீடுகளைப் படம் எடுத்து வைப்பது நல்லது. பழைய விரிசலின் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டைச் சிமெண்டால் ஒட்டித் தேதி எழுதுங்கள். சுவர் நகர்ந்தால் அது உடையும். உடைந்த நாளையும், வெடி கேட்ட நேரங்களையும் ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். குவாரியின் வெடிப் பதிவேட்டையும் அதிர்வு அளவையும் கேட்டு வாங்கி, தேதி தேதியாக ஒப்பிடுங்கள்.