டம்ளரின் வாய் ஏன் வட்டமாகிவிடுகிறது?

மேசைமேல் இருக்கும் டம்ளரை வரையச் சொன்னால், நம்மில் பலர் அதன் வாயை முழுவட்டமாகப் போடுவோம். உட்கார்ந்த இடத்திலிருந்து கண்ணில் விழுவதோ ஒடுங்கிய நீள்வட்டம். டம்ளரின் வாய் வட்டம் என்பது மூளைக்கு ஏற்கெனவே தெரியும். விழித்திரையில் விழுவதை அது அந்த அறிவுக்கேற்பத் திருத்திக்கொள்கிறது. இந்தத் திருத்தம் இல்லையென்றால் நாம் நகரும்போதெல்லாம் பொருள்கள் உருமாறித் தெரியும். வரையும்போது மட்டும் அதுவே குறுக்கே நிற்கிறது.

முகத்திலும் இதே கதைதான். கண்கள் தலையின் உயரத்தில் ஏறத்தாழ நடுவில் இருக்கின்றன. பழகாதவர்கள் நெற்றியைச் சுருக்கி அவற்றை மேலே ஏற்றிவிடுவார்கள்.

அமெரிக்க ஓவிய ஆசிரியர் பெட்டி எட்வர்ட்ஸ் 1979-இல் வெளியிட்ட நூலில் இதைத் தாண்ட ஓர் அருமையான பயிற்சி உண்டு. இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கியைப் பிகாசோ தீட்டிய கோட்டோவியத்தைத் தலைகீழாக வைத்துப் பார்த்து வரைய வேண்டும். கவிழ்த்ததும் 'இது மூக்கு, இது கை' என்ற பெயர்கள் கழன்றுவிடுகின்றன. கோடும் சாய்வும் இடைவெளியுமே மிஞ்சுகின்றன. (வலது மூளை, இடது மூளை என அவர் தந்த விளக்கத்தை இன்றைய நரம்பியல் அப்படியே ஏற்பதில்லை.)

பார்த்ததை நினைவில் நிறுத்தும் திறன் ஆளுக்கு ஆள் மாறும் என்பது உண்மை. ஆனாலும் முத்துமுத்தாக எழுதும் பிள்ளையிடம் 'உனக்கு வரையக் கை வராது' என்று சொல்வது எனக்கு வலிக்கிறது. தடுமாறுவது பெரும்பாலும் கையல்ல. ஓவியர்கள் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அளப்பது மூளையின் அந்தத் திருத்தத்தை மீறத்தான்.