வலியோடு கோல்ஃப் ஆடலாமா? முழங்கை என்ன சொல்லுது?

2008 ஜூன். கலிஃபோர்னியாவின் டோரி பைன்ஸ் மைதானத்தில் யுஎஸ் ஓப்பன். டைகர் வுட்ஸின் இடது முழங்காலில் தசைநார் கிழிந்திருந்தது. அதே காலின் எலும்பில் இரண்டு இடங்களில் மெல்லிய விரிசல். முகம் சுளித்துக்கொண்டே மொத்தம் 91 குழிகள் ஆடி, ராக்கோ மீடியேட்டை பிளே-ஆஃபில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கினார்.

"டைகரே ஆடினார், நமக்கென்ன?" நந்தனம் கோல்ஃப் மைதானத்துக்கு ஞாயிறு காலையில் போகிறவர்கள் முழங்கையில் கிரேப் பேண்டேஜ் சுற்றும்போது இப்படித் தோன்றுவது இயல்புதான். ஆனா அந்தக் கதையின் இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. சில நாட்களிலேயே அவருக்கு அறுவை சிகிச்சை. அந்த சீசன் முழுக்க அவுட். அது அவருடைய 14-வது மேஜர். 15-வது கிடைத்தது 2019-ல். இடைவெளிக்கு முழங்கால் மட்டுமே காரணம் இல்லை. முதுகில் மட்டும் நான்கு முறை அறுவை சிகிச்சை நடந்தது.

சேப்பாக்கம் பார்த்த ஊருக்கு இது புரியாமல் போகாது. 1999-ல் பாகிஸ்தானுக்கு எதிரான டெஸ்ட்டில் முதுகுவலியோடு 136 ரன் அடித்தார் சச்சின். அவர் அவுட்டானதும் இந்தியா 12 ரன்னில் தோற்றது. அவருக்கு அந்த ஒரு நாள் முக்கியம். வார இறுதியில் ஆடுபவருக்கு அடுத்த ஞாயிறும் இருக்கிறதே!

வலி எங்கே, ஏன்?

கோல்ஃபில் அதிகம் அடிபடுவது கீழ்முதுகு. ஸ்விங்கின்போது அங்கே உடல் எடையைப் போல எட்டு மடங்கு வரை அழுத்தம் விழலாம் என்கின்றன ஆய்வுகள். அதற்கடுத்து முழங்கையும் மணிக்கட்டும்.

முழங்கையின் உள்பக்க எலும்பு முனையில் வலித்தால் 'கோல்ஃபர்ஸ் எல்போ', வெளிப்பக்கம் என்றால் 'டென்னிஸ் எல்போ'. வேடிக்கை என்னன்னா, கோல்ஃப் ஆடுகிறவர்களுக்கு இரண்டாவதும் தாராளமாக வரும். வலது கைக்காரருக்குப் பெரும்பாலும் வலது முழங்கையின் உள்பக்கம், அல்லது இடது முழங்கையின் வெளிப்பக்கம். மைதானமே பார்க்காதவர்களுக்கும் இது வரும்: துணி பிழிவது, தண்ணீர் கேன் தூக்குவது எல்லாமே அதே தசைகளின் வேலைதான்.

விரல்களை மடக்கும் தசைகள் எலும்போடு சேரும் நாண், திரும்பத் திரும்ப இழுபட்டு நைந்துபோவதுதான் பிரச்னை. நாணுக்கு ரத்த ஓட்டம் குறைவு. அதனால்தான் 'ரெண்டு நாள் ரெஸ்ட்'டில் சரியாகாமல் மாதக்கணக்கில் இழுக்கிறது. வலி மாத்திரை போட்டு ஆடினால் வலி மட்டும் மறையும், இழுபடுவது நிற்காது. ஸ்டீராய்டு ஊசியும் அப்படித்தான்: சில வாரம் சுகம், பிறகு வலி திரும்பலாம்.

அப்போ நிறுத்திடணுமா?

எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை. லேசான வலி, ஆட்டம் முடிந்து மறுநாள் காலைக்குள் பழைய நிலைக்கு வந்துவிடுகிறதா? அளவைக் குறைத்து ஆடலாம். ஒவ்வொரு ரவுண்டுக்குப் பிறகும் கூடுகிறதா, டம்ளரைத் தூக்கினாலே குத்துகிறதா? மட்டையை வைத்துவிட்டு டாக்டரையோ பிசியோதெரபிஸ்ட்டையோ பார்க்கணும்.

திரும்பி வருகிறவர்கள் பட்டிங், சிப்பிங்கில் தொடங்கி, பிறகு ஷார்ட் அயர்ன், கடைசியில்தான் டிரைவர். 18 குழிக்குப் பதில் ஒன்பது போதும். பையைத் தோளில் மாட்டாமல் தள்ளுவண்டியில் வைக்கலாம். பயிற்சியில் கெட்டியான விரிப்பின் மேல் கூடை கூடையாகப் பந்தடிப்பதுதான் முழங்கைக்கு முதல் எதிரி. மட்டை மோதும் அதிர்ச்சி நேராகக் கைக்கு வரும். சென்னைக் கோடையில் இறுகிக் கிடக்கும் தரையும் அதையே செய்யும். பிடியை இறுக்காமல் இருப்பது காசில்லாத வைத்தியம். ஸ்டீல் தண்டுக்குப் பதில் கிராஃபைட் அதிர்வைக் குறைக்கும், ஆனா விலை கொஞ்சம் கடிக்கும்.

வார்ம்-அப்பை நம்மூரில் பலரும் தவிர்க்கிறார்கள். டிராஃபிக்கில் வளைந்து வந்து இறங்கியதும் நேராக முதல் டீயில் டிரைவரை வீசுவது முதுகுக்கு அநியாயம். பத்து நிமிட நடை, இடுப்பைத் திருப்புவது, சில அரை ஸ்விங் போதும். முன்கைக்கு, லேசான டம்பெல்லை மறு கையால் உயர்த்தி, வலிக்கும் கையால் மெதுவாக இறக்கும் பயிற்சியை பிசியோக்கள் சொல்லித் தருவார்கள்.

மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போனால் அது நாண் சமாசாரம் மட்டும் இல்லை, நரம்பும் நசுங்கலாம், தள்ளிப்போடக் கூடாது. ஐம்பதைத் தாண்டியவருக்கு இடது கையில் வலியோடு நெஞ்சு இறுக்கமும் குப்பென்ற வியர்வையும் வந்தால் முழங்கை பற்றிய யோசனையே வேண்டாம். ஆட்டத்தை அங்கேயே விட்டுவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும்.