மடிக்கணினியும் கம்பியில்லா இயக்கியும்

ஏடும் எழுத்தாணியும் இருந்த மாணவர் கைகளில் இன்று மடிக்கணினி இடம்பெற்றுள்ளது. 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள் தமிழ்நாட்டரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னர், மலைச்சிற்றூர்களின் எளிய இல்லங்களுக்குள்ளும் இக்கருவி நுழைந்தது. கருவி வந்து சேர்ந்த விரைவில் அதனைப் பேணும் அறிவு வந்து சேரவில்லை. அதனால் நேரும் இழப்பு சிறிதன்று என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டலாம்.

சோலூர் மாணவரின் அனுபவம்

நீலகிரி மாவட்டத்துச் சோலூரைச் சேர்ந்த முதுகலைத் தமிழ் மாணவர் ஒருவர், விடுமுறையில் தம் இல்லத்திலிருந்து ஆய்வேட்டின் இறுதி இயலை எழுதிவந்தார். கைப்பேசியின் இணையத்தைக் கம்பியின்றி மடிக்கணினிக்குப் பகிர்ந்து பயன்படுத்துவது அவர் வழக்கம். அவ்விணைப்பு அடிக்கடி அறுந்தது. இயக்கி பழையதாகிவிட்டது என்று எவரோ கூற, ஓரிரவு அதனை அடியோடு நீக்கிவிட்டார். புதியதை இணையத்திலிருந்து இறக்கிக்கொள்ளலாம் என்பது அவர் எண்ணம். நீக்கியபின் மடிக்கணினியின் கண்ணுக்கு எந்த இணைப்பும் புலப்படவில்லை. இயக்கியைப் பெற இணையம் வேண்டும். இணையத்தைப் பெற இயக்கி வேண்டும். பைத்தியம் தெளிந்தால்தான் திருமணம், திருமணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும் என்னும் பழமொழியை ஒத்ததாயிற்று அவர் நிலை.

மறுநாள் பேருந்தேறி உதகைக்குச் சென்று, மடிக்கணினியின் மாதிரிப் பெயரைச் சொல்லி ஓர் இயக்கியைப் பென்டிரைவில் பதிந்து வந்தார். அது பொருந்தவில்லை. அதற்கடுத்த நாள் கணினியையே சுமந்துகொண்டு மீண்டும் சென்றார். ஆய்வேட்டைத் திருத்துவதற்கென ஒதுக்கி வைத்திருந்த இரண்டு நாள்களும் பேருந்துப் பயணத்தில் கழிந்தன. இத்தனைக்கும் வேண்டிய தீர்வு அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. அஃது யாதெனப் பின்னர்க் காண்போம்.

இயக்கி என்பது யாது?

ஐரோப்பியர் இந்நாட்டில் வாணிகம் செய்த காலத்தில், இரு மொழியாளர்க்கிடையே நின்று பேசியவரைத் துபாசி என்றனர். புதுச்சேரியில் டூப்ளேவிடம் பணியாற்றிய ஆனந்தரங்கப் பிள்ளை அத்தகைய துபாசியாவார். விண்டோஸ், லினக்ஸ் முதலிய இயங்குதளங்களுக்கும், கணினியினுள் பொருத்தப்பட்டுள்ள கம்பியில்லா அட்டைக்கும் இடையே நிற்கும் துபாசியே இயக்கி. ஆங்கிலத்தில் டிரைவர் எனப்படும் இதனை ஓட்டுநர் என மொழிபெயர்த்தல் பொருந்தாது. கருவியை இயங்கச் செய்வதால் இயக்கி என்பதே தகும்.

அட்டைகள் வானலையில் பேசும் மொழி எல்லார்க்கும் பொதுவானது. 1997ஆம் ஆண்டு வெளியான 802.11 என்னும் பொதுத்தரம் அதனை வரையறுத்தது. ஆனால் அட்டையின் உள்ளமைப்பு, அதனைச் செய்யும் நிறுவனத்திற்கு நிறுவனம் வேறுபடும். ஆகவே ஒன்றன் துபாசி மற்றொன்றற்கு உதவான்.

நோயின் முதலை நாடுதல்

நோய் இன்னதென்றும், அதன் காரணம் இன்னதென்றும் தெளிந்த பின்னரே தணிக்கும் வழியை நாட வேண்டும் என்பது வள்ளுவர் வகுத்த மருத்துவ நெறி. அது கணினிக்கும் பொருந்தும். முதற்கண், விமானப் பயணத்திற்குரிய ஏரோப்ளேன் மோடு தவறுதலாக இடப்பட்டுள்ளதா எனக் காண்க. பின்னர் டிவைஸ் மேனேஜர் எனப்படும் சாதன மேலாளரைத் திறந்து, வலையமைப்புப் பகுதியை நோக்குக. அங்கு மூன்று நிலைகளில் ஒன்று தென்படும்.

அட்டையின் பெயர் குறையேதுமின்றிக் காணப்படின், பிழை பெரும்பாலும் கடவுச்சொல்லிலோ அமைப்புகளிலோ இருக்கும். பெயரருகே மஞ்சள் நிற வியப்புக்குறி இருப்பின், ஐயத்திற்குரியது இயக்கி. அதனுடன் 28 என்னும் பிழை எண் காட்டப்படின், இயக்கி நிறுவப்படவே இல்லை என்பது பொருள். பெயரே காணப்படாவிடின், அட்டை தளர்ந்தோ பழுதுற்றோ முடக்கப்பட்டோ இருக்கக்கூடும். அந்நிலையில் இயக்கியை மாற்றுவதால் பயன் விளைதல் அரிது.

அடிக்கடி அறுந்துபோகும் இணைப்பிற்கு மற்றொரு காரணமும் உண்டு. மின்சாரத்தைச் சேமிக்கும் பொருட்டுக் கணினி அவ்வப்போது அட்டையை உறங்கச் செய்யும். அட்டையின் பண்புகளில் பவர் மேனேஜ்மென்ட் என்னும் பகுதி இருப்பின், அங்குள்ள இசைவுக் குறியை நீக்கினால் இக்குறை தீரும். சோலூர் மாணவரின் கணினியில் இருந்ததும் இக்குறையே என்பது பின்னர்த் தெரியவந்தது.

பெயரன்று, எண்ணே அடையாளம்

முதல் நாள் கொணர்ந்த இயக்கி ஏன் பொருந்தவில்லை? ஒரே மாதிரிப் பெயருடைய மடிக்கணினிகளிலும் வெவ்வேறு நிறுவனத்தாரின் அட்டைகள் இடம்பெறுதல் உண்டு. நீலகிரியிலேயே உதகை வட்டத்தில் சோலூர் உள்ளது; கோத்தகிரி வட்டத்தில் சோலூர்மட்டம் உள்ளது. பெயரை மட்டும் நம்பி அனுப்பிய மடல் வழிதவறக்கூடும். அக்குழப்பத்தைத் தவிர்க்கவே 1972ஆம் ஆண்டு அஞ்சல் குறியீட்டு எண் நடைமுறைக்கு வந்தது.

கம்பியில்லா அட்டைக்கும் அத்தகைய எண் உண்டு. அட்டையின் பண்புகளில் டீட்டெயில்ஸ் என்னும் பகுதியில், ஹார்டுவேர் ஐடி என்பதைத் தெரிவு செய்தால் அது தோன்றும். அதன் முதற்பகுதி நிறுவனத்தையும் அடுத்த பகுதி அட்டையின் வகையையும் சுட்டும். இன்டெல்லுக்கு 8086, ரியல்டெக்கிற்கு 10இசி, பிராட்காமிற்கு 14இ4, அதிரோஸிற்கு 168சி என நிறுவன எண்கள் அமையும். இவற்றுள் இ, சி என்பன அவ்வொலியுடைய ஆங்கில எழுத்துகளாம். மஞ்சள் குறியிடப்பட்ட, பெயரற்ற அட்டைக்கும் இவ்வெண் கிட்டும். இதனைக் குறித்துக்கொண்ட பின்னரே இயக்கியைத் தேடுதல் வேண்டும்.

கட்டிவைத்த பின் நம்பிக்கை

ஒட்டகத்தை முதலில் கட்டிவைத்து, அதன்பின் இறைவன்மீது நம்பிக்கை வைக்குமாறு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்திய செய்தியை நாம் அறிவோம். பழைய இயக்கியை நீக்குமுன் புதியதைக் கைவசப்படுத்துதலே இங்கு ஒட்டகத்தைக் கட்டுதலாகும். மடிக்கணினி நிறுவனத்தின் தளத்திலிருந்தோ, அட்டையைச் செய்த நிறுவனத்தின் தளத்திலிருந்தோ அதனைப் பெறுக. இயங்குதளம் 32 பிட்டா, 64 பிட்டா என்பதும் ஒத்திருத்தல் வேண்டும். இயக்கிகளைத் தாமே புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்யும் அறிமுகமற்ற மென்பொருள்களை அணுகாதிருத்தல் நலம்.

முன்னரே நீக்கிவிட்டவர் செய்வது யாது? ஆண்ட்ராய்டு கைப்பேசியை யூஎஸ்பி கம்பியால் மடிக்கணினியுடன் இணைத்து, கைப்பேசியின் அமைப்புகளில் யூஎஸ்பி டெதரிங் என்பதை இயக்குக. கம்பியில்லாப் பகிர்வான ஹாட்ஸ்பாட்டிற்கு மடிக்கணினியில் கம்பியில்லா இயக்கி தேவை. கம்பிவழிப் பகிர்வுக்கு அது தேவையில்லை. கம்பியானது மின்னேற்றத்திற்கு மட்டுமன்றித் தரவு கடத்துவதற்கும் உரியதாக இருத்தல் வேண்டும். சோலூர் மாணவரின் சட்டைப்பையில் இருந்த தீர்வு இதுவே.

மாற்றும் முறை

பழைய இயக்கியைப் படியெடுத்து வைத்தல் முதற்பணி. விண்டோஸ் 10, 11 ஆகியவற்றில் பிஎன்பியூட்டில் என்னும் கட்டளை இதற்கு உதவும். அடுத்து, பழையதன்மேலேயே புதியதை நிறுவிப் பார்க்க. புதியது ஒவ்வாவிடின் ரோல் பேக் டிரைவர் என்னும் பொத்தான் பழைய நிலைக்கு மீட்கும். பழைய இயக்கி கணினியில் எஞ்சியிருந்தாலன்றி அப்பொத்தான் இயங்காது. ஆகவே அடியோடு நீக்குதலை இறுதி வழியாகக் கொள்க. நீக்க நேரின், நீக்கியபின் கணினியை மறுமுறை தொடங்கிப் புதியதை நிறுவி, மீண்டும் ஒருமுறை தொடங்குக.

லினக்ஸ் வகைகளில் பல இயக்கிகள் கருனியிலேயே அடங்கியிருப்பினும், அட்டைக்குள் செலுத்தவேண்டிய நிலைப்பொருள் தனியே தேவைப்படுதல் உண்டு. 2023ஆம் ஆண்டு வெளிவந்த டெபியன் 12 முதல், அத்தகைய நிலைப்பொருள்கள் நிறுவல் தொகுப்பிலேயே இடம்பெற்றுள்ளன.

விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 சனவரியிலும், விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபரிலும் முடிவுற்றன. பழைய கணினிகளில் புதிய இயங்குதளத்தை நிறுவுவோர் பலர்க்கு இச்சிக்கல் நேரக்கூடும். நகரத்து மாணவர்க்கு அஃது ஒரு மணி நேர இடர். மலையூர் மாணவர்க்கோ இரண்டு நாள் இழப்பு. ஆதலின் விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும், தம் அட்டையின் எண்ணை ஒரு தாளிலும், அதற்குரிய இயக்கியை ஒரு பென்டிரைவிலும் எடுத்துச் செல்வாராக. கற்ற முறையைத் தம் ஊரில் உள்ள இளையோர்க்கும் கற்பிப்பாராக. கற்பித்தலும் அறமன்றோ!