சாவு நடந்த இடத்தில் போலீசுக்கு என்ன அதிகாரம்?

தோழர்களே, செங்கல்பட்டிலிருந்து அரக்கோணம் போகும் ரயில் பாதை நம் வாலாஜாபாத் வழியாகத்தான் போகிறது. அந்தத் தண்டவாளத்திலோ, உத்திரமேரூர்ப் பக்கத்துக் கல்குவாரியிலோ, ஏதோ ஒரு கிணற்றிலோ நம் பிள்ளையின் உடல் கிடக்கிறது என்று செய்தி வருகிறது. நாம் ஓடிப்போய் நிற்பதற்குள் அங்கே ஒரு காகிதம் எழுதப்பட்டுக்கொண்டிருக்கும். அந்தக் காகிதத்தைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

'174 போட்டிருக்காங்க' என்று ஊரில் சொல்வோமே, அதுதான். பழைய குற்ற நடைமுறைச் சட்டத்தின் 174ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 194ஆம் பிரிவாகிவிட்டது. தற்கொலை, கொலை, விலங்காலோ இயந்திரத்தாலோ விபத்தாலோ நேர்ந்த சாவு, சந்தேகத்துக்குரிய சாவு ஆகிய எல்லாம் இதில் அடங்கும். தகவல் கிடைத்ததும் நிலைய அதிகாரி நிர்வாக நடுவருக்கு, அதாவது தாசில்தார் அல்லது ஆர்.டி.ஓ.வுக்கு, உடனே தெரிவிக்க வேண்டும். பிறகு இடத்துக்கு நேரில் போய், அக்கம்பக்கத்தில் வசிக்கும் 'மரியாதைக்குரிய' இரண்டு பேரையாவது வைத்துக்கொண்டு, காயம், எலும்பு முறிவு, கன்றிப்போன தடம் எல்லாவற்றையும் குறித்து, சாவுக்கு வெளிப்படையாகத் தெரியும் காரணத்தை எழுத வேண்டும். அந்த அறிக்கை இப்போது 24 மணி நேரத்துக்குள் மாவட்ட ஆட்சியருக்கோ ஆர்.டி.ஓ.வுக்கோ போயாக வேண்டும்.

அவ்வளவுதான் அந்த அதிகாரம். யார் அடித்தார், எதற்காக அடித்தார் என்பதெல்லாம் பிரேத விசாரணையின் எல்லைக்குள் வராது என்று 1975இல் பெத்த நாராயணா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. குற்றவாளித் தரப்பு வழக்கறிஞர்கள், 'பிரேத விசாரணை அறிக்கையில் என் கட்சிக்காரர் பெயர் இல்லை' என்று வாதாடும்போது இந்தத் தீர்ப்பு நமக்கு உதவும். இதையே திருப்பியும் படிக்கலாம். யார் செய்தது என்று கேட்கவே இடமில்லாத ஒரு விசாரணையை வைத்து, 'யாரும் செய்யவில்லை, தற்கொலைதான்' என்று கோப்பை எப்படி மூட முடியும்? கைது செய்யத்தக்க குற்றம் நடந்ததாகப் புகார் வந்தால் முதல் தகவல் அறிக்கை பதிவு செய்தே தீர வேண்டும் என்பது 2013 லலிதா குமாரி தீர்ப்பு. 174 போட்டாயிற்று என்பது அதற்குப் பதிலாகாது.

அந்த 'மரியாதைக்குரிய' என்ற சொல்லில் கொஞ்சம் நிற்போம். சமூகவியல் படித்தவர்கள் ஒரு வருடம் பாடமாக நடத்தலாம். யார் பார்வையில் மரியாதை? அக்கம்பக்கம் என்றால் ஊரா, காலனியா? நாங்கள் போய் நின்ற ஒரு கிராமத்தில் உடல் கிடந்தது காலனிக்காரருடையது. பஞ்சாயத்தாராகக் கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர்கூடக் காலனிக்காரர் இல்லை. கழுத்தில் தடம் இருந்ததைப் பெற்ற தாய் பார்த்திருந்தார். காகிதத்தில் அது இல்லை. காலனியில் மரியாதைக்குரியவர் கிடையாது என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை. அறிக்கையை ஒப்புக்கொள்பவர்கள் மட்டும் கையெழுத்திட்டால் போதும் என்றுதான் சொல்கிறது. ஒப்பாதவர் கையெழுத்துப் போட மறுக்கலாம். வெற்றுத் தாளில் எவருமே போடக் கூடாது.

கோகுல்ராஜை நினைத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூன் 23 அன்று திருச்செங்கோடு அர்த்தநாரீஸ்வரர் கோயிலுக்குத் தோழியுடன் போன ஓமலூர்ப் பொறியியல் பட்டதாரி அவர். மறுநாள் பள்ளிபாளையம் அருகே தண்டவாளத்தில் தலை துண்டான நிலையில் கிடந்தார். தற்கொலைக் கடிதமும் இருந்தது. வழக்கு முதலில் சந்தேக மரணமாகத்தான் பதிவானது. பிறகுதான் கொலை வழக்கானது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் சேர்ந்தது. கோயிலின் கண்காணிப்பு கேமரா பதிவு முக்கியமான சாட்சியமானது. 2022 மார்ச்சில் மதுரை சிறப்பு நீதிமன்றம் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. 2023 ஜூனில் உயர் நீதிமன்றம் அவர்கள் குற்றவாளிகள் என்பதை உறுதி செய்தது. குடும்பமும் இயக்கங்களும் முதல் காகிதத்தை நம்பி வீட்டுக்குப் போயிருந்தால் இதில் எதுவும் நடந்திருக்காது.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் சேர்ந்தால் இடத்துக்கு வரவேண்டிய ஆளே மாறிவிடுகிறார். 1995 விதிகளில் 6ஆவது விதிப்படி, தகவல் கிடைத்ததும் ஆட்சியர், ஆர்.டி.ஓ., நிர்வாக நடுவர் அல்லது டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி நேரில் வந்து பார்வையிட வேண்டும். 7ஆவது விதிப்படி டி.எஸ்.பி.க்குக் கீழே உள்ளவர் புலன் விசாரணை செய்ய முடியாது. திருமணமாகி ஏழாண்டுக்குள் பெண் தற்கொலை செய்துகொண்டாலோ சந்தேகமான முறையில் இறந்தாலோ நிர்வாக நடுவர் விசாரிப்பது கட்டாயம். காவலில் சாவு என்றால் நீதித்துறை நடுவர் விசாரிக்க வேண்டும்.

நம் பக்கத் தவறு ஒன்றையும் சொல்ல வேண்டும். 'எங்க சம்மதம் இல்லாம போஸ்ட்மார்ட்டம் பண்ணக் கூடாது' என்று மறிக்கிறோம். சட்டம் அப்படிச் சொல்லவில்லை. சாவுக்கான காரணத்தில் சந்தேகம் இருந்தால் உடலைப் பரிசோதனைக்கு அனுப்புவது போலீசின் கடமை. விவரம் தெரிந்தவர்களை எழுத்து மூலம் விசாரணைக்கு அழைக்கவும் 195ஆம் பிரிவு அதிகாரம் தருகிறது. ஆனால் பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த, 60 வயதைக் கடந்த ஆண்களையும் வீட்டுக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். அம்மாவை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னால் இதைச் சொல்லுங்கள்.

பரிசோதனையைத் தடுப்பதில் செலவிடும் அந்த நேரத்தில் ஒரு மனு எழுதலாம். உடலில் நாம் கண்ட காயங்கள், கடைசியாக யாருடன் போனார், எந்தக் கடையில், எந்தக் கோயிலில் கேமரா இருக்கிறது என்பதை எழுதி, நிலையத்திலும் டி.எஸ்.பி.யிடமும் ஆர்.டி.ஓ.விடமும் கொடுத்து, தேதியும் நேரமும் போட்ட ஒப்புகைச் சீட்டை வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் அறிக்கைக்கு 24 மணி நேரம் கெடு இருக்கிறது. நம் மனு அதற்கு முன்பே மேசைக்குப் போய்ச் சேர வேண்டும்.