சக்கரத்தின் நடுவே

மைசூருவின் செம்மண் திடல்களில் தொலைக்கட்டுப்பாட்டுக் காரை ஓட்டி மகிழும் சிறுவர், சில மாதங்களில் ஒரு மாற்றத்தைக் காண்பர். கார் கிறீச்சிடும், மின்கலம் முன்போல் நெடுநேரம் தாங்காது, மோட்டார் தொட முடியாதபடி சுடும். மோட்டார் பழுதாகிவிட்டது என்று எண்ணிப் புதியதை வாங்குவோரும் உளர். ஆனால், குற்றம் பல வேளைகளில் மோட்டாரில் இராது. சக்கரத்தின் நடுவே, சட்டைப் பொத்தான் அளவே உள்ள ஒரு பேரிங்கில் இருக்கும். இவ்வகைக் கார்கள் பலவற்றில் அதன் குறுக்களவு 10 மில்லிமீட்டர்; தடிமன் 4 மில்லிமீட்டர்.

பேரிங் என்பது ஒன்றினுள் ஒன்றாக அமைந்த இரண்டு எஃகு வளையங்களும் அவற்றின் இடையே உருளும் சிறு குண்டுகளும் கொண்டது. பாடநூல்கள் இதனைப் பந்துத் தாங்கி என்கின்றன. அக்குண்டுகளைச் சைக்கிள் கடைக்காரர் பால்ரஸ் என்பர். உலோகத்தின்மேல் உலோகம் நழுவித் தேய்வதற்கு மாறாக, இங்கே குண்டுகள் உருள்கின்றன. நழுவும் உராய்வைவிட உருளும் உராய்வு மிகக் குறைவு. பழைய பேரிங்குகளைப் பலகையில் பொருத்தித் தமிழகத் தெருக்களில் ஓட்டிய பேரிங் வண்டியைப் பற்றி வீட்டுப் பெரியவர்களைக் கேட்டால் ஆர்வத்துடன் கூறுவர். வேல்ஸ் நாட்டினரான பிலிப் வான், வண்டி அச்சுக்கென இவ்வமைப்பை உருவாக்கி 1794-இல் காப்புரிமை பெற்றார். மைசூரு யாதவகிரியில் 1961 முதல் 1996 வரை இயங்கிய தொழிற்சாலையில் உருவான ஜாவா, யெஸ்டி மோட்டார் சைக்கிள்களின் சக்கரங்களும் பேரிங்கின் மீதே சுழன்றன.

கிறீச்சொலி கேட்டவுடன் எண்ணெய் விடுவது பலரது வழக்கம். ஒலி அடங்கும், மனமும் நிறைவடையும். ஆயினும், அழுக்கை அகற்றாமல் விட்ட எண்ணெய் நன்மையைவிடத் தீமையையே மிகுதியாகச் செய்யும். புழுதியில் நுண்மணல் கலந்துள்ளது. மணலிலுள்ள குவார்ட்ஸ், பேரிங்கின் எஃகைவிடவும் கடினமானது. எண்ணெயுடன் சேர்ந்து குழம்பான அம்மணல், சாணைக்கல்லைப் போலக் குண்டுகளைத் தேய்த்துவிடும். சுழற்சி தடைப்படும்போது மோட்டார் மிகுதியான மின்சாரத்தை இழுக்கிறது. மின்கலம் விரைவில் தீர்வதும் மோட்டார் சுடுவதும் இதனாலேயே.

ஆகவே, முதற்பணி கழுவுதலே. பேரிங்கைக் கழற்றி, வெளிப்புறத்தைத் துணியால் துடைக்க வேண்டும். பக்கவாட்டில் ரப்பர் மூடி இருப்பின், அதன் உள்விளிம்பில் மெல்லிய ஊசியை நுழைத்து நெம்பினால் வளையாமல் வெளிவரும். மூடியைத் துணியால் மட்டும் துடைத்தால் போதும். சில பேரிங்குகளின் உலோக மூடி கழலாது. அவற்றை அவ்வாறே ஊறவைக்கலாம். சிறு கண்ணாடிக் குப்பியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹாலை ஊற்றி, பேரிங்கை இட்டுக் குலுக்கினால் அழுக்குக் கலங்கி வரும். திரவம் தெளிவாகும்வரை இரண்டு மூன்று முறை மாற்ற வேண்டும். இது எளிதில் தீப்பற்றும். அடுப்பும் விளக்கும் இல்லாத, காற்றோட்டமுள்ள இடத்தில், பெரியவர் ஒருவர் உடனிருக்கச் செய்தல் வேண்டும். பெட்ரோல் கூடவே கூடாது.

கழுவிய பேரிங் விசையாகச் சுழலும். அது கண்டு மயங்கி அப்படியே காரில் பொருத்திவிடலாகாது. எண்ணெய்ப் பூச்சை இழந்த எஃகு, காற்றிலுள்ள ஈரத்தால் துருப்பிடிக்கும். நன்கு உலர்ந்தவுடன் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டு, விரலால் சுழற்றி, மூடியைப் பொருத்த வேண்டும். மிகுதியான எண்ணெய் வெளியே வழிந்து மீண்டும் புழுதியை ஈர்க்கும்.

தேங்காய் எண்ணெய் விடலாமா என்று கேட்கலாம். அது ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத் தொடங்கும். மைசூருவின் மார்கழிக் காலையில் குப்பியில் கட்டியாக நிற்பதை வீட்டிலேயே காணலாம். நல்லெண்ணெய் நாளடைவில் பிசினாகும். மாட்டுவண்டி அச்சுக்கு உழவர் பூசிய வண்டிமை கெட்டியானது. மெல்லச் சுழலும் பெருஞ்சக்கரத்திற்கு அது பொருந்தும். விரைந்து சுழலும் சிறு பேரிங்கிற்கு மெல்லிய எண்ணெயே ஏற்றது. சேற்றிலும் நீரிலும் ஓடும் காருக்கு மட்டும் சிறிது கிரீஸ் இடலாம். வேகம் சற்றே குறையும், ஆனால் நீர் எளிதில் புகாது.

இவ்வளவும் செய்த பின்னர், பேரிங்கை விரல்நுனியில் செருகிச் சுழற்றிப் பார்க்க வேண்டும். நறநறவென்ற உணர்வு எஞ்சியிருந்தால் அதன் குண்டுகளோ தடமோ தேய்ந்துவிட்டன. அதனை மாற்றுவதே முறை.