இரவில் வாய் திறக்கும் இலைகள்

சித்திரை மாதத்தில் ஊருக்குப் புறத்தே நடந்து சென்றால் ஒரு காட்சியைக் காணலாம். குளம் வறண்டு சேறு வெடித்திருக்கும். புல் கருகிச் சருகாகியிருக்கும். வேலியோரத்துச் சதுரக்கள்ளியும் பிரண்டையும் சோற்றுக்கற்றாழையும் மட்டும் பசுமை குன்றாமல் நிற்கும். அவற்றுக்கு நீர் வார்ப்பார் எவருமிலர். மழை பெய்த காலத்தில் தண்டிலும் இலையிலும் நீரைத் தேக்கி வைத்துக்கொண்டு, மழையில்லாத மாதங்களை அவை கழிக்கின்றன. இத்தகையவற்றைச் சதைப்பற்றுள்ள தாவரங்கள் என்பர்.

இவ்வினத்துள் இன்று நம் வீட்டுச் சாளரங்களிலும் திண்ணைகளிலும் தொட்டிச் செடியாக இடம் பெற்றிருப்பது ஜேடு செடி. ஜேடு என்பது ஒரு வகைப் பச்சை நிறக் கல். அக்கல்லை இழைத்து மெருகிட்டாற்போல் இலைகள் தடித்துப் பளபளப்பதால் செடிக்கும் அப்பெயர் வந்தது. தாவர நூலார் இதனைக் கிராசுலா ஓவேட்டா என்று குறிப்பர். தடித்தது என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது கிராசுலா என்னும் பெயர். தென்னாப்பிரிக்காவின் கிழக்குப் பகுதியும் மொசாம்பிக் நாடும் இதன் தாயகம். அங்கே பாறைச் சரிவுகளில் இது ஆளுயரத்துக்கும் மேலாக வளரும். நம் நாட்டு நாற்றுப் பண்ணைகளில் ஜேடு என்று கேட்டால், சிறிய வட்ட இலைகளும் செம்பழுப்புத் தண்டும் உடைய வேறொரு செடியைத் தருவதும் உண்டு. அதுவும் தென்னாப்பிரிக்கச் செடியே. அங்குள்ள யானைகள் அதனை விரும்பித் தின்னும். குடும்பம் வேறாயினும் இரண்டையும் வளர்க்கும் முறை ஏறக்குறைய ஒன்றே.

நான் முதன்முதலில் வளர்த்த ஜேடு செடி மூன்று மாதங்கூட வாழவில்லை. காலைதோறும் துளசிக்கு நீர் வார்க்கும்பொழுது இதற்கும் ஒரு செம்பு வார்த்து வந்தேன். சில வாரங்களில் இலைகள் மஞ்சளித்துக் குழைந்தன. நீர் போதவில்லை போலும் என்று எண்ணி இன்னும் ஒரு செம்பு வார்த்தேன். ஒரு நாள் தொட்டவுடனே தண்டு கையோடு வந்துவிட்டது. அடிப்பகுதி அழுகி நாற்றம் வீசிற்று. வேருக்கு நீர் எவ்வளவு இன்றியமையாததோ காற்றும் அவ்வளவு இன்றியமையாதது. மண்ணின் இடுக்குகளில் எப்பொழுதும் நீரே நிறைந்திருந்தால் வேர் காற்றின்றித் திணறி அழுகும் என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

அப்படியானால், மிகச் சிறிதளவு நீரைக் கொண்டு இச்செடி எவ்வாறு வாழ்கின்றது? இலைகளில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துளைகள் உண்டு. அவற்றின் வழியே கரியமில வாயு உள்ளே செல்லும். அதே வழியாக நீர் ஆவியாகி வெளியேறும். மாவும் வேம்பும் பகலில் துளைகளைத் திறந்து வைத்து உணவு ஆக்குகின்றன. வறண்ட நிலத்துச் செடி அவ்வாறு செய்யுமானால், வெயில் அதன் நீரையெல்லாம் உறிஞ்சிவிடும். ஆகையால் ஜேடு செடி பகலில் துளைகளை மூடிக்கொண்டு, குளிர்ந்த இரவில் திறக்கின்றது. இரவில் கதிரவன் ஒளி இல்லையே, உணவு ஆக்குவது எப்படி என்று நீங்கள் கேட்கலாம். இரவில் உட்கொண்ட வாயுவை அது மாலிக் அமிலமாக மாற்றி இலைக்குள் சேர்த்து வைக்கின்றது. ஆப்பிள் பழத்தின் புளிப்புக்குக் காரணமும் இவ்வமிலமே. பொழுது விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, அமிலத்திலிருந்து வாயுவை மீண்டும் பிரித்தெடுத்து, ஒளியின் துணையால் சர்க்கரையாக்கிக் கொள்கின்றது.

இச்செயலின் தடயத்தை நம் நாட்டிலேயே ஒருவர் நாவினால் கண்டார். அவர் பெயர் பெஞ்சமின் ஹைன். தரங்கம்பாடிக்குச் சமயப் பணியாளராக வந்து, பின்னர்க் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் தாவர ஆய்வாளராக அமர்ந்தவர். ரணகள்ளி என்றொரு செடி நம் ஊர்களில் உண்டு. அதன் இலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் விளிம்பில் கன்றுகள் முளைக்கும். ஆதலால் ‘கட்டிப்போட்டால் குட்டிபோடும்’ என்றும் அதனை அழைப்பர். அவ்விலையை ஹைன் மென்று பார்த்தார். காலையில் நன்றாகப் புளித்தது, நண்பகலில் சுவையற்றிருந்தது, மாலையில் சற்றே கைத்தது. இதைப் பற்றி அவர் எழுதிய கடிதம் லண்டன் லின்னேயக் கழகத்தின் வெளியீட்டில் 1815-ஆம் ஆண்டில் அச்சாயிற்று. ரணகள்ளியும் ஜேடு செடியும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. இரவில் சேர்ந்த அமிலம் பகலில் கரைவதையே அவர் நா உணர்ந்தது. அதன் முழு விளக்கம் கிடைக்க ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. (ரணகள்ளி இலையில் நச்சுப் பொருள்கள் உள்ளன. ஆதலால் நீங்கள் இச்சோதனையைச் செய்து பார்க்க வேண்டா.)

இவ்வளவு சிக்கனமான செடிக்கு ஏற்ற இல்லம் மண் தொட்டியே. அதன் சுவர் வழியாகவும் ஈரம் கசிந்து காய்வதால் வேருக்குக் காற்றுக் கிடைக்கும். தொட்டியின் அடியில் துளை இருத்தல் வேண்டும். அதன்மேல் ஓட்டுச் சில்லு ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் மண் ஒழுகாது. செம்மண் ஒரு பங்கு, பருமணல் ஒரு பங்கு, மக்கிய இலை உரம் அரைப் பங்கு, சிறிது செங்கல் தூள் ஆகியவற்றைக் கலந்து நிரப்பலாம். களிமண் ஆகாது. நீர் வார்க்கும் நாளை நாட்காட்டியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் தட்டுப்பட்டால் விட்டுவிடுங்கள். முற்றும் காய்ந்திருந்தால், அடித்துளை வழியே ஒழுகும் வரை வார்த்து, கீழ்த்தட்டில் தேங்கிய நீரைக் கொட்டிவிடுங்கள். தாகமுற்ற செடியின் இலை சுருங்கும். நீர் பெற்ற சில நாட்களில் மீண்டும் திரளும். மஞ்சளித்துக் குழையும் இலையோ மிகுநீரின் அடையாளம். இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறியாமல்தான் என் செடியை நான் இழந்தேன்.

காலை வெயில் இதற்கு நன்று. வெயிலில் இலையின் விளிம்பு சிவந்தால் நோய் என்று அஞ்ச வேண்டா. கத்திரி வெயில் மட்டும் இலையைப் பொசுக்கிவிடும். அக்காலத்தில் நிழலும் ஒளியும் கலந்த இடத்துக்கு மாற்றுதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையின்போது தொட்டியைத் தாழ்வாரத்துக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இலைக் கணுக்களில் வெண்பஞ்சு போல் மாவுப்பூச்சி ஒட்டியிருந்தால், சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தெடுக்கலாம்.

ஒரு செடியைப் பல செடிகளாக்குவதும் எளிதே. கிளையை நறுக்கியவுடன் நடலாகாது. வெட்டுவாய் ஒரு வாரம் நிழலில் காய்ந்து தழும்பேறிய பின்னரே மணலில் ஊன்ற வேண்டும். பசுங்காயத்தோடு நட்டால் அழுகும். உதிர்ந்த இலையொன்றை மணல்மேல் கிடத்தி வைத்தாலும் போதும். சில வாரங்களில் அதன் அடியில் நூல் போன்ற வேர்கள் தோன்றும். பின்பு கடுகளவு இரண்டு இலைகள் தலை காட்டும். கன்று வளர வளரத் தாயிலை, தன்னிடமுள்ள நீரை அதற்கு ஈந்து சுருங்கும். முற்றும் உலரும் வரையில் அத்தாயிலையைப் பிடுங்கிவிடாதீர்கள்.