மருந்து வந்த வழி – 9: சானடோரியம் கவுன்ட்டர்

படப்பை, மணிமங்கலம், ஒரகடம் பக்கம் யாருக்காவது இருமல் விடாமல் இழுத்தால், பெரியவர்கள் சொல்வது ஒன்றுதான்: "சானடோரியத்துல போய்க் காட்டு." ரயில் நிலையத்துக்கே பெயர் கொடுத்த அந்தத் தாம்பரம் மருத்துவமனையை 1928-இல் காசநோய்க்காகத் தொடங்கியவர் டாக்டர் சௌரி முத்து. 1937-இல் அரசு எடுத்துக்கொண்டது. 1993 முதல் எச்.ஐ.வி. நோயாளிகளும் வரத் தொடங்கினார்கள். வேறு இடங்களில் அவர்களைத் தொட்டுப் பார்க்கவே தயங்கிய காலம் அது. ஆந்திராவிலிருந்தெல்லாம் தாம்பரத்துக்கு ரயிலேறினார்கள்.

படுக்கை கிடைத்தது. மருந்துதான் இல்லை. கூடவே தொற்றிக்கொள்ளும் காசநோய்க்கு மாத்திரை உண்டு; சித்தப் பிரிவில் ரசகந்தி மெழுகும் அமுக்கரா சூரணமும் நெல்லிக்காய் லேகியமும் உண்டு. கிருமியையே அடக்கும் கூட்டு மருந்து 1996-இலேயே மேலைநாடுகளில் வந்துவிட்டது. ஒருவருக்கு ஆண்டுச் செலவு 10,000 டாலருக்கு மேல்!

இத்தனைக்கும் இந்தியாவில் இந்தக் கிருமியை முதன்முதலில் கண்டறிந்தது சென்னையில்தான். 1986-இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்ட, மாணவி நிர்மலா ரத்த மாதிரிகளை வீட்டு ஃபிரிட்ஜில் சேர்த்துவைத்து, ஐஸ் பெட்டியில் வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுபோய்ச் சோதித்தார்.

2001 பிப்ரவரியில் சிப்லா நிறுவனத்தின் யூசுஃப் ஹமீது, 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்புக்கு அதே சிகிச்சையை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக அறிவித்தார். அந்தக் கூட்டிலிருந்த மூன்று மருந்துகளும் மூன்று வெவ்வேறு வெளிநாட்டு நிறுவனங்களுடையவை. ஆனால், இந்தியாவின் 1970 காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை தரவில்லை. தயாரிக்கும் முறைக்கு மட்டுமே தந்தது. அதனால் மூன்றையும் ஒரே மாத்திரையில் அடக்க சிப்லாவால் முடிந்தது.

உலகம் கொண்டாடிய கதை இதுவரைதான். 350 டாலர் என்பது அன்றைய கணக்கில் சுமார் 16,000 ரூபாய். கூலி வேலைக்குப் போகிறவர் அதை வருஷா வருஷம் எங்கே போய்ப் புரட்டுவார்? 2004 ஏப்ரல் 1-ஆம் தேதிதான் மத்திய அரசு கூட்டு மருந்தை இலவசமாகத் தரத் தொடங்கியது. முதலில் எட்டு மருத்துவமனைகள். தாம்பரம் அதில் ஒன்று. விலை விழுந்ததற்கும் மாத்திரை கவுன்ட்டருக்கு வந்ததற்கும் நடுவே மூன்று ஆண்டுகள்! ஹமீதைப் பாராட்டுகிறவர்கள் இந்த மூன்று ஆண்டுகளைப் பேசுவதே இல்லை.

கவுன்ட்டர் என்றால் மாத்திரை மட்டுமா? சி.டி.4 அணுக்களை எண்ணும் கருவி வேண்டும், ஆலோசகர் வேண்டும். மாதாமாதம் வருகிறவரின் டப்பாவில் மிச்சமிருக்கும் மாத்திரையை எண்ணி, எத்தனை வேளை தவறியது என்று கேட்க ஆள் வேண்டும். வருகிறவருக்கோ பஸ் காசோடு ஒரு நாள் கூலியும் போகும். வீட்டுக்குப் பக்கத்திலேயே மருந்து வாங்கும் துணை மையங்கள் பிறகுதான் வந்தன.

இப்போது அடுத்த சுற்று. எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசியை 2025 ஜூனில் அமெரிக்கா அனுமதித்தது. அங்கே ஆண்டுக்கு 28,000 டாலருக்கு மேல். ஹைதராபாத்தின் டாக்டர் ரெட்டீஸும் ஹெட்டிரோவும் 2027 முதல் ஆண்டுக்கு 40 டாலருக்குத் தரப்போகின்றன. ஒரு வித்தியாசம்: 2005-இல் நம் சட்டம் மாறி, மருந்துப் பொருளுக்கும் காப்புரிமை வந்துவிட்டது. அதனால், மலிவு ஊசி எந்த நாடுகளுக்குப் போகலாம் என்று பட்டியல் போட்டது, அதைக் கண்டுபிடித்த கிலியட் நிறுவனம். 120 நாடுகள் கொண்ட அந்தப் பட்டியலில் பிரேசில் இல்லை. ஊசியைச் சோதித்துப் பார்க்கத் தன் மக்களைத் தந்த நாடுகளில் அதுவும் ஒன்று.

(தொடரும்)